புது இடங்களில் தென்படும் கடல் நண்டுகள்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல் வற்றும் நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜுஹு, கார்ட்டர் ரோடு, ஹாஜி அலிப் பாறைகளுக்குத் தமிழ்க் குடும்பங்களை அழைத்துப் போவது என் வழக்கம். தாராவி, சயான், செம்பூர், ஆன்டாப் ஹில் பக்கத்திலிருந்து வருவார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி, திருநெல்வேலி. நண்டுக் குழம்பில் எனக்குப் பாடம் எடுக்கக்கூடியவர்கள். 2023இல் இத்தாலியில் நீல நண்டு பெருகிய செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியாகவே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

நண்டு பக்கவாட்டில் நடக்கிற பிராணி. அது எப்படிக் கடல் விட்டுக் கடல் போகும்?

வளர்ந்த நண்டு போவதில்லை, அதன் குஞ்சு போகிறது. சினை நண்டின் வயிற்று மடலில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் திரளைப் பார்த்திருப்பீர்கள். கழி நண்டில் அது பத்து லட்சம் முட்டைகளையும் தாண்டும். பொரிந்து வருவது நண்டு போலவே இருக்காது. பெரிய கண்களும் முதுகில் ஒரு முள்ளுமாக, நீரோட்டம் இழுத்த பக்கம் மிதந்து போகும் ஒரு துளி உயிர். இதற்கு சோயியா என்று பெயர். கழி நண்டுக் குஞ்சு ஐந்து முறை இந்த நிலையில் தோலுரித்து, பிறகு வாலும் கொடுக்கும் உள்ள மெகலோபாவாக மாறி, அதன் பின்னரே குட்டி நண்டாகித் தரையைத் தொடும்.

இதற்குச் சுமார் மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் அது கடலின் மேல்பரப்பு நீரோடு பயணம் செய்கிறது. நண்டின் பயணத்தைப் பற்றிப் பேசும்போது கால்களை மறந்துவிட்டு இந்த வாரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் எல்லா நண்டும் எல்லாக் கடலிலும் இருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

தடைகள் இருக்கின்றன. குறுக்கே நிலம் இருக்கலாம், அகலமான ஆழ்கடல் இருக்கலாம், நீர் குளிராக இருக்கலாம், உப்பு கூடவோ குறையவோ இருக்கலாம். குஞ்சு உயிரோடு இருக்கும் வாரங்களுக்குள் கடக்க முடியாத தூரம் எல்லாமே சுவர்தான்.

ஒரு நண்டு திடீரென்று புதிய இடத்தில் தென்பட்டால் ஏதோ ஒரு சுவர் உடைந்திருக்கிறது. நிலத்தை வெட்டிக் கால்வாய் தோண்டியிருப்பார்கள், கப்பல் சுமந்து வந்திருக்கும், யாராவது கையால் கொண்டுவந்து விட்டிருப்பார்கள், அல்லது கடல் சூடாகியிருக்கும். எந்தச் சுவர் உடைந்தது என்று தெரியாமல் நண்டைத் திட்டுவதில் பயனில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு.

மழை தொடங்கினால் கர்ஜத், லோனாவ்லா பக்கம் விற்கிறார்களே, அந்த நண்டும் இப்படிப் பரவுமா?

பரவாது. அவை நன்னீர் நண்டுகள். அவற்றின் முட்டையிலிருந்து மிதக்கும் குஞ்சு வருவதில்லை. முழு உருவமுள்ள குட்டி நண்டே வெளியே வந்து, சில நாள் தாயின் வயிற்று மடலுக்குள் தங்கி, பிறகு இறங்கும். எனவே ஒரு மலை ஓடையின் நண்டுக்கு அடுத்த பள்ளத்தாக்குகூட வெளிநாடுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓரிரு மலைகளுக்கு மட்டுமே உரிய நண்டு இனங்கள் இருப்பதற்குக் காரணம் இது. இவற்றுக்கு இருக்கும் ஆபத்து நேர்மாறானது. இருக்கும் இடம் அழிந்தால் போக வேறு இடம் கிடையாது.

கப்பலில் நண்டு வருகிறது என்கிறார்கள். மாலுமிகள் கண்ணில் படாதா?

படாது, ஏனென்றால் அது தண்ணீராக வருகிறது. சரக்கு இல்லாத கப்பல் கடலில் நிலைகொள்ளாமல் ஆடும். அதற்காகத் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்ளும். துறைமுகத்துக்காரர்கள் இதை பல்லாஸ்ட் நீர் என்பார்கள். பெரிய கப்பல் என்றால் பல்லாயிரம் டன். முதல் பதிலில் சொன்ன சோயியாக்கள் அந்த நீரோடு உள்ளே போய், சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் நீரை வெளியேற்றும்போது இறங்கிவிடும். கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டி வளரும் பாசி, சிப்பிக் கூட்டத்துக்குள் ஒளிந்தபடி வளர்ந்த நண்டுகளும் வருவதுண்டு.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. சரக்கை இறக்கும் துறைமுகம் நீரைக் கொடுக்கிறது, சரக்கை ஏற்றும் துறைமுகம் நீரை வாங்குகிறது. மும்பையின் ஜவாஹர் தீவில் கச்சா எண்ணெயை இறக்கிவிட்டுப் போகும் டேங்கர் இங்குள்ள நீரை ஏற்றிக்கொண்டு போகிறது. எதிர்த் திசையில், இங்கே சரக்கு ஏற்ற வரும் கப்பல் வேறெங்கோ ஏற்றிய நீரை இங்கே விடுகிறது. நாம் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, கொடுக்கிறவர்களும்கூட.

இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் நிறைவேறி, 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. 50 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள உயிர்கள், வெளியேற்றும் நீரில் கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். அதனால்தான் இப்போதைய கப்பல்களில் நீரை வடிகட்டவும் புற ஊதாக் கதிர் போன்ற முறைகளால் சுத்திகரிக்கவும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் வந்து குடியேறிவிட்டதை எந்த உடன்படிக்கையும் திருப்பி அனுப்பாது.

கப்பலால் நடந்தது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரு நண்டு இருக்கிறதா?

ஐரோப்பாவின் பச்சைக் கரை நண்டைச் சொல்லலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய நண்டு அது. 1817இலேயே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பதிவாகிவிட்டது. மரக்கப்பல்களின் அடியிலோ, அந்தக் காலத்தில் பாரத்துக்காக ஏற்றிய கற்களுக்கிடையிலோ வந்திருக்க வேண்டும். பிறகு ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று தொடர்ந்து, 1989இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தென்பட்டது. அங்கிருந்து மேலே போக அதற்குக் கப்பல் தேவைப்படவில்லை. 1997-98 எல் நினோவின்போது வடக்கு நோக்கி ஓடிய வெந்நீரோட்டம் குஞ்சுகளைக் கனடா வரை இழுத்துப்போனது. 2022இல் அலாஸ்காவிலும் கண்டுபிடித்தார்கள்.

அது வெந்நீரோட்டம். கடல் மொத்தமாகச் சூடாவதாலும் நண்டு நகர்கிறதா?

நகர்கிறது, ஆனால் அதிரடியாக அல்ல. அமெரிக்கக் கிழக்குக் கரையின் சதுப்பு நிலங்களில் ஒரு பிடில் நண்டு இனம் உண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். நம் மும்பை அலையாத்திச் சேற்றிலும் இதன் உறவினர்கள் கையசைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த அமெரிக்க நண்டின் குஞ்சு வளர்ந்து முடிக்க நீர் சுமார் 18 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அதனால் நெடுங்காலம் கேப் காட் முனையே அதன் வட எல்லையாக இருந்தது. 2014இல் அதைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயரில் வளைகளோடு பார்த்தார்கள்.

கவனியுங்கள், வளர்ந்த நண்டு குளிரைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். குஞ்சுதான் தாங்காது. ஓர் இனத்தின் எல்லை எங்கே என்று முடிவு செய்வது அதன் மிக மென்மையான பருவம்.

நம் பக்கத்து நண்டு ஏதாவது வெளியே போயிருக்கிறதா?

நிறையவே போயிருக்கின்றன. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வியப்பு. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. அரபிக்கடல், பாரசீக வளைகுடாப் பகுதியின் நீலக்கால் நண்டு, அதாவது போர்ட்டுனஸ் செக்னிஸ், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கால்வாயின் வடமுனையான போர்ட் சையதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கால்வாய் வழியில் உள்ள கசப்பு ஏரிகளின் அதீத உப்பு நெடுநாள் ஒரு சுவராக நின்றது. அது மெல்லக் கரைந்தது. அஸ்வான் உயர் அணை வந்தபின் நைல் நதி கொட்டிய நன்னீர்ச் சுவரும் வலுவிழந்தது. ஒரு கால்வாயை வெட்டியவர்கள் இரண்டு கடல்களின் உயிர்களைக் கலந்துவிட்டார்கள்.

இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் நண்டான காரிப்டிஸ் ஹெல்லரி 1920களில் மத்தியதரைக் கடலில் தென்பட்டது. 1980களின் இறுதியில் கரீபியன் கடலுக்கும் போய்விட்டது. அங்கே போனது கப்பல் மூலம் என்றே கருதுகிறார்கள். முதுகில் சிலுவைக் குறி இருப்பதால் நம் மீனவர்கள் சிலுவை நண்டு என்று அழைக்கும் இனத்தைக்கூட 2004இல் ஸ்பெயினின் பார்சிலோனா அருகே பிடித்திருக்கிறார்கள்.

இத்தாலிக்காரர்களுக்கு நண்டு தின்னத் தெரியாதா? இங்கே அனுப்பினால் நாங்களே தீர்த்துவிடுவோமே!

இது நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கும் கேள்வி. சிரித்துக்கொண்டு கேட்டாலும் நல்ல கேள்வி.

அங்கே பெருகியது அமெரிக்க அட்லாண்டிக் கரையின் நீல நண்டு. ஐரோப்பாவில் 1900இலிருந்தே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்ததுதான். 2023இல் போ ஆற்றின் கழிமுகத்தில் கட்டுக்கடங்காமல் பெருகி, மட்டி வளர்ப்புப் பாத்திகளைக் காலி செய்தது. மும்பையில் நாம் திஸ்ரே என்று வாங்குகிறோமே, அந்த வகை மட்டிதான். அரசு நண்டைப் பிடித்து அழிக்க 29 லட்சம் யூரோ ஒதுக்கியது. அங்கே அழிந்த அந்த மட்டியே உள்ளூர் இனம் அல்ல. மணிலா மட்டி எனப்படும் ஆசிய இனம், 1983இல் வளர்ப்பதற்காக வெனிஸ் பக்கம் கொண்டுவரப்பட்டது. ஒரு குடியேறியின் தோட்டத்தை இன்னொரு குடியேறி மேய்ந்தது என்பதுதான் முழுக் கதை. செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் வரவில்லை.

தின்றால் தீருமா? இத்தாலியர்களும் தின்கிறார்கள், உணவகங்களில் விற்கிறார்கள். ஆனால் பத்து லட்சம் முட்டைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய நண்டைப் பிடித்தால் சிறியதற்கு இரையும் இடமும் மிச்சமாகிறது. அது போகட்டும், ஒரு சந்தை உருவாகிவிட்டால் அந்த நண்டு தீர்ந்துபோவதை யாருமே விரும்பமாட்டார்கள். துனிசியாவில் அதுதான் நடந்தது. 2014இல் காபெஸ் வளைகுடாவில் நம் போர்ட்டுனஸ் செக்னிஸ் பெருகி வலைகளைக் கிழித்தது. மீனவர்கள் அதற்குப் பயங்கரவாத இயக்கமான ‘தாஎஷ்’ பெயரையே வைத்தார்கள். பிறகு கூண்டு வைத்துப் பிடிக்கக் கற்றார்கள், பதனிடும் ஆலைகள் வந்தன, ஆசியாவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. இப்போது அது அவர்களுடைய வருமானம். பிரச்சினை தீரவில்லை, கணக்கில் வரவாக மாறியது. மீனவர்களுக்கு அது நல்லதே. கடலுக்கு என்ன ஆனது என்பது தனிக் கேள்வி.

மனிதன் வேண்டுமென்றே கொண்டுபோய் விட்ட நண்டு உண்டா?

உண்டு. பசிபிக்கின் கம்சாட்கா பகுதியைச் சேர்ந்த சிவப்பு அரச நண்டை 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் ரஷ்யாவுக்கும் நார்வேக்கும் வடக்கே உள்ள பாரெண்ட்ஸ் கடலில் விட்டார்கள். நோக்கம் மீன்பிடி வருமானம். காலை விரித்தால் ஆள் உயரம் வரும் அந்த நண்டு எல்லைக் கோட்டை மதிக்காமல் நார்வேக்குள் நடந்தது.

நார்வே செய்தது எனக்குப் பிடித்த தீர்வு, குறைகள் இருந்தாலும். கிழக்கு தீர்க்கரேகை 26 டிகிரிக்குக் கிழக்கே அளவு வைத்துப் பிடிக்கிறார்கள், அங்கே அது பிழைப்பு. அதற்கு மேற்கே யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், அங்கே அது பரவக் கூடாத அந்நிய இனம். ஒரே நண்டு, கோட்டின் இந்தப் பக்கம் செல்வம், அந்தப் பக்கம் தொல்லை. முந்தைய பதிலில் சொன்ன சந்தைச் சிக்கலை மறைக்காமல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

மும்பைக் கடலுக்குள் அப்படி ஏதாவது வந்து குடியேறியிருக்கிறதா?

நிச்சயமாகக் காட்டக்கூடிய உதாரணம் நண்டு அல்ல, சிப்பி. மைட்டிலாப்சிஸ் சலேயி என்ற மத்திய அமெரிக்கச் சிறு சிப்பி 1960களில் விசாகப்பட்டினத்திலும் பின்னர் மும்பைத் துறைமுகத்திலும் கப்பல்களால் வந்து சேர்ந்தது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி என்று மீனவர்கள் நொந்துகொள்வது இன்னொரு வந்தேறிச் சிப்பியை, மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்ற தென்னமெரிக்க இனத்தை. ஆற்றின் அடியில் கம்பளமாகப் படர்ந்து, இறால் புதையும் சேற்றை மூடிவிடுகிறது. சென்னைப் பக்கம் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பல்லாஸ்ட் நீர் குறித்த சர்வதேசத் திட்டம் ஒன்று 2000இல் தொடங்கியபோது உலகில் ஆறு இடங்களை மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒன்று மும்பை.

கூடையில் பாதி நீலமாகவும் பாதி பழுப்பாகவும் இருந்தன. பழுப்பு புதிய இனமா?

இல்லை. நீலக்கால் நண்டில் ஆண் நீலம், பெண் மங்கிய பச்சை கலந்த பழுப்பு. திருப்பிப் பார்த்தால் வயிற்று மடல் ஆணுக்கு ஒடுக்கமாகவும் பெண்ணுக்கு அகலமாகவும் இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள், முள்ளை எண்ணுங்கள். கண்ணிலிருந்து ஓட்டின் பக்கவாட்டு முனை வரை ஒரு பக்கத்தில் உள்ள முட்கள். நீலக்கால் நண்டுக்கு ஒன்பது, கடைசி முள் மட்டும் நீளம். கழி நண்டுக்கும் ஒன்பது, ஆனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. சிலுவை நண்டுக்கு ஆறு. மேலே சொன்ன ஐரோப்பியப் பச்சை நண்டுக்கு ஐந்துதான். இத்தாலியைக் கலங்கடித்த அமெரிக்க நீல நண்டுக்கும் ஒன்பது என்பதால் குழப்பம் வரும். அதன் ஆணைத் திருப்பிப் போட்டால் வயிற்று மடல் தலைகீழான ஆங்கில ‘T’ எழுத்துப் போல இருக்கும். நம் நண்டுக்கு முக்கோணம்.

‘இந்தியாவில் முதன்முறையாகக் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால் அந்த நண்டு இப்போதுதான் வந்தது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. இப்போதுதான் யாரோ பார்த்து எழுதினார்கள் என்பது மட்டுமே அர்த்தம். உள்ளூர் மீனவர் தலைமுறை தலைமுறையாக வலையிலிருந்து எடுத்து வீசிய நண்டாகவும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை கிடைத்த நீலக்கால் நண்டுகளை எல்லாம் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே இனமாக நினைத்திருந்தார்கள். 2010இல் அதை நான்காகப் பிரித்தார்கள். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த செக்னிஸ் அப்படிப் பிரிந்து வந்ததுதான். பழைய புத்தகத்தில் ‘பெலாஜிகஸ் மத்தியதரைக் கடலில்’ என்று இருந்தால் அது இந்த செக்னிஸ். நண்டு அசையாமலே அதன் எல்லை வரைபடம் மாறிவிடும். எனவே புதிய வருகை என்று சொல்ல, முன்பு அங்கே தேடியும் கிடைக்கவில்லை என்ற பதிவு இருக்க வேண்டும்.

ஒட்டுண்ணியை விட்டு அழித்தால் என்ன? கொசுவுக்கு மீன் விடுவது போல?

யோசித்தார்கள். பச்சைக் கரை நண்டை அதன் சொந்த ஊரில் சக்குலினா என்ற ஒட்டுண்ணி மலடாக்குகிறது. புதிய ஊர்களில் அந்த ஒட்டுண்ணி இல்லாததும் அது செழிக்க ஒரு காரணம். ஆனால் கலிபோர்னியாவில் கொண்டுபோய் விடலாமா என்று ஆய்வகத்தில் சோதித்தபோது, அது அங்குள்ள உள்ளூர் நண்டுகளுக்குள்ளும் நுழைந்தது. உள்ளூர் நண்டுகளையே பலி கொடுக்கும் மருந்து மருந்தல்ல.

புதிதாக வரும் நண்டு எப்போதும் கெடுதல்தானா?

எப்போதும் அல்ல. கேப் காட் சதுப்பில் ஒரு உள்ளூர் நண்டு, தன்னைத் தின்னும் மீன்களை மனிதன் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டதால் பெருகி, சதுப்புப் புல்லை மேய்ந்து கரையை அரித்தது. அங்கே பச்சைக் கரை நண்டு போய் அதை வளையிலிருந்து விரட்ட, புல் மீண்டும் வளர்ந்தது. அதே பச்சை நண்டு வேறு கரைகளில் மட்டிகளை அழிக்கிறது. இதை வைத்து வந்தேறி நல்லது என்று சொல்வதும் தவறு, இதை மறைப்பதும் தவறு.

கடல் சூடானால் நண்டுகளுக்குக் கொண்டாட்டம்தானே?

குளிர்க்கடல் நண்டுகளைக் கேளுங்கள். பெரிங் கடலில் பனி நண்டுகள் 2018க்கும் 2021க்கும் இடையில் 1000 கோடிக்கு மேல் காணாமல் போயின. கடல் வெப்ப அலையில் உடலின் பசி கூடியது, அதற்கேற்ற இரை இல்லை, பட்டினியில் மாண்டன. 2022இல் அலாஸ்கா முதன்முறையாகப் பனி நண்டுப் பிடிப்பையே நிறுத்தியது. அதே இனம் 1996இல் பாரெண்ட்ஸ் கடலில் புதிதாகத் தென்பட்டு அங்கே பரவிக்கொண்டிருக்கிறது.

சந்தையில் வாங்கிய உயிருள்ள நண்டைக் கடலில் விட்டால் புண்ணியம் இல்லையா?

வேண்டாம், அம்மா. மனம் இளகியது நல்லது, ஆனால் அந்த நண்டு எந்தக் கரையிலிருந்து வந்தது, என்ன நோயைச் சுமக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்ற கோளிப் பெண்ணுக்கும் தெரியாது. குறிப்பாக ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் இயந்திரப் படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் வெளிமாநில நண்டும் பண்ணை நண்டும் மும்பைச் சந்தைக்கு வரும். சீனாவின் மயிர்க்கொடுக்கு நண்டை உயிரோடு கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று அஞ்சியே அமெரிக்கா 1989இல் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. அப்படியும் 1992இல் அது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருந்தது. இரக்கப்பட்டால் வாங்காமல் இருங்கள்.

கரையில் அறிமுகமில்லாத நண்டோ ஓடோ கிடைத்தால் யாரிடம் சொல்வது?

ஓடு என்றால் முதலில் பயப்படாதீர்கள். பின்பக்கம் திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் அது தோலுரித்த சட்டை, செத்த நண்டு அல்ல. ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். அலாஸ்காவில் பச்சை நண்டு வந்தது தெரிந்தது கரையில் கிடந்த ஓடுகளை வைத்துத்தான்.

மேல்பக்கம், அடிப்பக்கம், முன்னால் இருந்து முட்கள் தெரிய ஒன்று என மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வையுங்கள். இடமும் தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு, வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்துக்கோ மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மும்பைக் கிளைக்கோ அனுப்பலாம். உயிருள்ள நண்டு என்றால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில் கையை விடாதீர்கள், அங்கே நண்டு மட்டும் இருப்பதில்லை.